கேஸ் போச்சு என்றால், எங்கே போச்சு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடியில் 31 வருடமாக பிரிட்ஜ் ரிப்பேர் வேலை பார்த்து வருகிறேன். காலையில் கடையைத் திறந்ததும் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் டூல்ஸ் பையைத் தூக்குவேன். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பிள்ளைகள் வெளியூரில். அவர் வீட்டில் இருப்பது இரண்டு கதவு வைத்த, தானாகவே ஐஸ் கரைத்துக்கொள்ளும் பிரிட்ஜ். மார்ச் மாதத்திலிருந்து கீழ்த்தட்டு குளிராமல் போயிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் போயிடுச்சும்மா, கடைக்குக் கொண்டுபோய்த்தான் போடணும்” என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். 3,200 ரூபாய். இரண்டு மூன்று வாரம் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது. அப்புறம் பழைய கதை. திரும்பவும் கேஸ், 3,500. மே மாதம் மூன்றாவது தடவை, இன்னொரு 3,500.

“மூணு தடவை கேஸ் போட்டாச்சு தம்பி. இனி புதுசுதான் வாங்கணும்னு சொல்லுதாங்க. நீ ஒருவாட்டி பார்த்துச் சொல்லு” என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் முதலில் கேட்டது, “டீச்சர், மேலே ஐஸ் கட்டுதா?” என்றுதான். கட்டுகிறது என்றார். திறந்து பார்த்தேன். மேலே ஐஸ்கட்டி கல் மாதிரி இருந்தது. கீழே மாவுப் பாத்திரம் புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. என் தெர்மாமீட்டரைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 17 டிகிரி. அங்கே 4 டிகிரி இருக்க வேண்டும்.

மேலே கல் மாதிரி ஐஸ் இருக்கிறது, கீழே மட்டும் குளிர் இல்லை என்றால் அது கேஸ் கோளாறு இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இந்த வகை பிரிட்ஜில் குளிரை உண்டாக்கும் காயில் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளிவிடுகிறது. கேஸ் போயிருந்தால் மேலேயும் குளிர் இருக்காது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பிரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டால் சூடே இருக்காது. டீச்சர் வீட்டு பிரிட்ஜில் பக்கச் சுவர் நல்ல சூடு.

பின்பலகையைக் கழற்றினேன். காயிலே தெரியவில்லை. அதன் மேல் வெள்ளைச் சுவர் எழுப்பினது போல ஐஸ். காற்று போக ஊசி நுழையும் இடம்கூட இல்லை. ஃபேன் பாவம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஐஸைக் கரைக்கத்தான் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை டைமர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, ஹீட்டரைப் போட்டு, படிந்த பனியைக் கரைத்துத் தண்ணீராகப் பின்பக்கத் தட்டுக்கு அனுப்பும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் நன்றாக இருந்தது. அதனோடு சேர்ந்த தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. அது ஏன் போனது என்று பார்த்தால், குளிர்ந்தால் இணைந்து, சூடானால் விலக வேண்டிய பைமெட்டல் என்ற சின்ன ஸ்விட்ச் விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஹீட்டர் அளவுக்கு மேல் காய்ந்து ஃபியூஸ் உருகிவிட்டது. அதன்பின் ஹீட்டருக்குக் கரண்டே போகவில்லை, ஐஸ் கரையாமல் சேர்ந்துகொண்டே போனது. ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் அடுத்த மாதம் அதுவும் போகும். இரண்டையும் மாற்றினேன். சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 850 ரூபாய் ஆனது.

அப்படியானால் அந்த மூன்று தடவையும் இரண்டு மூன்று வாரம் எப்படிக் குளிர்ந்தது? கடைக்குக் கொண்டுபோய் ஒரு நாள் கரண்ட் இல்லாமல் கதவைத் திறந்து வைத்தாலே அந்த ஐஸ் மொத்தமும் கரைந்துவிடும். காற்றுக்கு வழி கிடைத்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அடைத்துக்கொள்ளும். கேஸ் போட்டதால் குளிர்ந்தது என்று டீச்சர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்?

பின்பக்கம் கம்ப்ரசர் மூடியைக் கழற்றினேன். கம்ப்ரசரில் கேஸ் ஏற்றுவதற்கென்று விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய் இருக்கும். கம்பெனியில் கேஸை நிரப்பியதும் அதன் நுனியை நசுக்கி அடைத்துவிடுவார்கள். வெளியில் யார் கேஸ் போட்டாலும் அந்த நுனியை வெட்டி, வேறு குழாய் சேர்த்துப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். குழாயில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டீச்சர் வீட்டு பிரிட்ஜில் அந்தக் குழாய் கம்பெனியில் நசுக்கியபடியே இருந்தது. மேலே அடித்த கறுப்பு பெயின்ட்கூட உரியவில்லை. ஃபில்டரும் பழைய ஃபில்டர்தான். மூன்று தடவையில் ஒரு தடவைகூட, ஒரு கிராம் கேஸ்கூட அதற்குள் போகவில்லை. 10,200 ரூபாய்.

அந்த மெக்கானிக்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் தொழிலைச் செய்கிறவன் இப்படிச் செய்தான் என்பது எனக்கு வலிக்கிறது. ஆனால் பணத்தைவிட என்னைக் கலங்க வைத்தது வேறு. கீழே குளிர் இல்லை என்று டீச்சர் இன்சுலின் குப்பி இரண்டையும் எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்தார். இரண்டும் உறைந்துபோய் இருந்தன. வெளியே எடுத்து வைத்து, உருகினதும் போட்டுக்கொண்டிருக்கிறார். சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு மாதமாகப் புலம்பியிருக்கிறார். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. அதன் சக்தி போய்விடும். அதை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும். உடனே மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டோம், டாக்டரிடமும் போனில் பேசினோம். இரண்டு பேரும் எறிந்துவிடச் சொன்னார்கள்.

இன்சுலின் வைத்திருக்கிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். பிரிட்ஜ் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி நடுத்தட்டில் போடுங்கள். மருந்தை ஃப்ரீசர் பக்கத்திலும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிட வாய்ப்பு உண்டு. திறந்து திறந்து மூடுகிற கதவிலும் வேண்டாம். நடுத்தட்டில் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பிரிட்ஜ் திடீரென்று நின்றுவிட்டால் பதறி ஃப்ரீசரில் திணிக்காமல், தண்ணீர் தெளித்த மண்பானைக்குள், நனையாமல் ஒரு டப்பாவில் வைத்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

இனி கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் மக்கள் அதிகம் ஏமாறுவது இந்த ஒரு வார்த்தையில்தான்.

சமையல் சிலிண்டரில் கேஸ் எரிகிறது, தீர்ந்துபோகிறது. பிரிட்ஜில் கேஸ் எரிவதில்லை. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே காயிலில் கொதித்து ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிக்குழாய்க்கு அனுப்பும்போது சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. இருபது வருடம் ஓடினாலும் உள்ளே இருப்பது அதே கேஸ்தான். என் வீட்டில் 1998இல் வாங்கிய 165 லிட்டர் பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. இன்றுவரை அதில் கேஸ் போட்டதில்லை. “வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் போடணும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேஸ் போயிருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால், அது போன வழியிலேயே திரும்பவும் போய்விடும்.

எங்கள் ஊரில் ஓட்டை விழ நிஜமான காரணங்கள் உண்டு. கடற்காற்றும் உப்பளக் காற்றும் இரும்புக் குழாயைத் தின்றுவிடும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பின்பக்கக் கறுப்புக் கம்பி வலை ஐந்தாறு வருடத்திலேயே பொரிந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியே அலுமினியத் தகடுதான், அதற்குள்ளேயேதான் கேஸ் ஓடுகிறது. உப்பு போட்டுப் பிசைந்த மீனைத் திறந்த தட்டில் வைத்து, அந்தத் தண்ணீர் வழிந்து தகட்டிலேயே கிடந்தால் அலுமினியம் அரித்துப் பொத்தல் விழும். மீனை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான எதிரி கத்தி. ஐஸில் ஒட்டிக்கொண்ட மீன் பாக்கெட்டை எடுக்கக் கத்தியின் நுனியால் நெம்புவார்கள். ஒரு கல்யாண வீட்டில் நான் இருக்கும்போதே நடந்தது. நான் பக்கத்து அறையில் வேறு வேலையாக இருந்தேன். “புஸ்ஸ்” என்று சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த வீட்டு மருமகள் கத்தியும் கையுமாக நிற்கிறாள், தகட்டில் எள் அளவு ஒரு பொத்தல். அந்த எள் அளவுக்கு மூவாயிரத்துக்கு மேல் செலவு. ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ் அரை விரற்கடை தடிமன் ஆனதுமே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். அவசரம் என்றால் ஸ்விட்சை அணைத்து, ஒரு கிண்ணத்தில் வெந்நீர் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கால் மணி நேரத்தில் தானாக விட்டுவிடும்.

நிஜமாகவே கேஸ் போட வேண்டியிருந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் தொழில் கற்றுக்கொண்டபோது எல்லா பிரிட்ஜிலும் ஆர்12 என்ற கேஸ்தான். அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலக நாடுகள் 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, படிப்படியாக நிறுத்தின. அப்புறம் 134ஏ வந்தது. இப்போது வீட்டு பிரிட்ஜ்களில் பெரும்பாலும் வருவது 600ஏ. அதன் பெயர் ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்கு உறவுக்காரன், தீப்பிடிக்கும். பயப்பட வேண்டாம், வீட்டு பிரிட்ஜில் ஐம்பது கிராம் பக்கம்தான் இருக்கும். குழாய்க்குள் இருக்கிறவரை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே கேஸ் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்திய அடுப்பங்கரையில் வைத்துக் குழாயில் பிளேம் காட்டினால் என்ன ஆகும்? என்னோடு வேலை பார்த்த ஒருவரின் முழங்கைவரை வெந்ததை நான் பார்த்திருக்கிறேன். குழாயைக் கட்டரால் வெட்டி, ஜன்னலைத் திறந்து, கேஸை ஹோஸ் வழியாக வெளியே விட்ட பிறகுதான் நெருப்புக்கே வர வேண்டும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

அதிலும் 600ஏ ஓடும்போது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் கம்ப்ரசர் ஓடும்போது கேஸ் வெளியே வருவதற்குப் பதில், வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும். ஈரம் போனால் நூல் மாதிரி இருக்கும் கேப்பிலரி குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஃபில்டரை மாற்ற வேண்டும், வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், பிறகு தராசில் நிறுத்து கேஸ் ஏற்ற வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்து, “போதும்” என்று நிறுத்துகிற வேலை 600ஏக்கு ஆகாது. பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பிரிட்ஜின் பின்னாலோ உள்சுவரிலோ ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்கள் அதை ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, யார் “கேஸ் போச்சு” என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே ஒழுகியது? என்ன கேஸ் போட்டீர்கள்? எத்தனை கிராம்? மூன்றுக்கும் பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்தவனுக்கு எழுதுவதில் தயக்கம் இருக்காது. மாற்றிய பழைய ஃபில்டரையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள்தான்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெயிலில் வருகிற போனில் பாதி இவைதான். கதவு ரப்பர் முதலில். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. பல வீட்டில் ரப்பர் கெட்டிருக்காது, மடிப்புக்குள் மாவும் பால் பிசுக்கும் ஒட்டிக் காய்ந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சரியாகிவிடும்.

அடுத்தது நம் மாவுப் பாத்திரம். அஞ்சு லிட்டர் தூக்கை உள்ளே தள்ளிப் பின்சுவரை முட்ட வைத்துவிடுகிறோம். குளிர்க்காற்று வருகிற துவாரம் அங்கேதான் இருக்கிறது. நாலு விரல் இடம் விட்டு வையுங்கள். சூடான சாம்பாரை உள்ளே வைக்காதீர்கள்.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பின்சுவரின் அடியில் தண்ணீர் போகிற சின்னத் துளை கறிவேப்பிலையோ மல்லித்தழையோ போய் அடைத்திருக்கும். ஊசி போடாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அழுத்துங்கள். திறந்துகொள்ளும்.

பின்பக்கக் கம்பி வலை இருக்கிற பிரிட்ஜானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் உடனே ஓடவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் சமமாக மூன்று நான்கு நிமிடம் வேண்டும். “டக்... டக்” என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை சத்தம் வந்து கம்ப்ரசர் நின்றுபோனால், வோல்டேஜ் குறைவாகவோ, கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் ரிலே கெட்டோ இருக்கலாம். ரிலே விலை சில நூறுதான். அதைப் பார்க்காமல் கம்ப்ரசரே போய்விட்டது என்று ஆறாயிரம், எட்டாயிரம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தொட்டால் லேசாக ஷாக் அடித்தால் மட்டும் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் வீடு வீடாகப் போனேன். பிரிட்ஜ்கள் தண்ணீரில் மிதந்து கவிழ்ந்து கிடந்தன. துடைத்துவிட்டு உடனே பிளக்கைச் சொருகப் போனவர்களை எத்தனை வீட்டில் கையைப் பிடித்துத் தடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

கம்பெனிகளிடமும் ஒரு வேண்டுகோள். பைமெட்டல், ஃபியூஸ், சின்ன ஃபேன், எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் வெளி மெக்கானிக்குக்கு நியாயமான விலையில் கிடைக்கும்படி செய்யுங்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது. சாமான் கிடைக்காததால் நல்ல மெக்கானிக்கும் “புதுசு வாங்கிக்கோங்க” என்று சொல்ல வேண்டி வருகிறது. ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் பில் வேண்டும். டீச்சரிடம் மூன்று தடவைக்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. “போனா போகட்டும் தம்பி” என்கிறார்.

அவர் பிரிட்ஜ் இப்போது 4 டிகிரி காட்டுகிறது. தெர்மாமீட்டரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையிலும் மாலையிலும் பார்த்து, பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைக்கிறார். புது இன்சுலின் நடுத்தட்டில் இருக்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த மூன்று கேள்வியையும் இன்சுலின் பற்றி எழுதியதையும் மட்டும் விட்டுவிடாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிரிட்ஜ் மெக்கானிக்,
தூத்துக்குடி.